வயலின் வராத பக்கம்

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவன். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இன்றைக்கு என் பெயரில் ஒரு வெடி கம்பெனி நிற்கிறது. அதன் காம்பவுண்டுச் சுவருக்கு முதல் கல்லைச் சுமந்ததும் நான்தான், கடைசிச் சாந்தைப் பூசியதும் நான்தான். இதை ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள், அம்புட்டுத் தடவை சொல்லியிருக்கிறேன். எழுதினால் யாரும் எழுந்து போக முடியாது பாருங்கள். அதனால் எழுதுகிறேன்.

வீடு விருதுநகரில். மகன் கம்பெனிக்குக் காரில் வருவான். நான் ஆட்களை ஏற்றிப்போகும் வேனில்தான் போவேன். கார், வேன் இரண்டும் என் சம்பாத்தியம்தான், அதனால் எதில் போனாலும் எனக்குக் கௌரவக் குறைச்சல் கிடையாது. சாத்தூர் தாண்டி ஊர் ஊராக நிறுத்தி ஆள் ஏற்றுகிற வேனில் முதலாளி உட்கார்ந்திருந்தால் பாதிக் கம்பெனி வேனிலேயே நடந்துவிடும். யார் வீட்டில் காய்ச்சல், எந்தக் கம்பெனிக்காரர் நம் ஆளுக்கு வலை வீசுகிறார், எல்லாம் தெரிந்துவிடும். போகிற வழி நெடுக செல்போனில் பழைய பாட்டு வைப்பேன், வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி. நம் ரசனை நாலு பேருக்குத் தெரியட்டுமே.

எனக்குப் பின்சீட்டில் திரி வெட்டுகிற அம்மா ஒருத்தி உட்காருவாள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவள். வாய்க்கு எதிரே யாரும் நிற்க முடியாது. ஒருநாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“மொதலாளி, உங்க பாட்ட நீங்க மட்டும் கேளுங்களேன். எங்களுக்குப் பேச நெறய கெடக்கு. கம்பெனிக்குள்ள போனா வாயத் தொறக்க விட மாட்டீக.”

“ஏத்தா, இந்தப் பாட்டுக்கு என்ன கொற?”

“பாட்டுக்கு ஒரு கொறயுமில்ல. கூடச் சேந்து நீங்களும் பாடுறீகள்ல, அதான்.”

வேனே சிரித்தது. டிரைவரும் சிரித்தான், என் சம்பளம் வாங்கிக்கொண்டு. அன்றைக்குச் சாயங்காலமே பஜாரில் இறங்கி செல்போன் கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடி போட்டவர். காதுக்குள்ளே சொருகுகிற சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பரப்பினார். அது எனக்கு ஆகாது. காதில் விரலை விட்டால்கூடக் கூசுகிற உடம்பு. காதை மொத்தமாக மூடுகிற, தலைக்கு மேலே வளைவு போட்ட ஹெட்போனைக் காட்டச் சொன்னேன். முதலில் விலை கூடினதை எடுத்தார்.

“அண்ணாச்சி, இத மாட்டுனா வெளிச்சத்தம் ஒரு பொட்டுக் கேக்காது.”

“வெடி கம்பெனிக்காரனுக்கு வெளிச்சத்தம் கேக்காமப் போனா விளங்குமா? சாதாரணமானத எடுங்க.”

சாதாரணமானதில் நாலைந்து எடுத்து வைத்தார். படித்த பிள்ளைகள் போனில் எந்தச் சாமானுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்குகிறார்கள். நான் வளைவை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். காது மெத்தையை நகத்தால் கீறிப் பார்த்தேன். பசை ஒட்டின இடத்தை முகர்ந்து பார்த்தேன். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த கையும் மூக்கும் ஏமாறாது. மடக்கினால் வேட்டி மடிப்புக்குள் அடங்கக்கூடிய கறுப்பு ஹெட்போன் ஒன்றை எடுத்தேன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரத்து வேன் பயணத்துக்குத் தாங்கும் என்றார். இருக்கிறதிலேயே மலிவு அதுதான். மலிவான பொருளில் நல்லதைப் பொறுக்குவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும், விலை கூடினதை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

மறுநாள் வேனில் மாட்டிக்கொண்டேன். பாட்டு தலைக்கு நடுவே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் வேன் இல்லை, ரோடு இல்லை. ஆனால் ஒரு குறை. எனக்குத் தெரிந்த பாட்டு, கல்யாணம் ஆன காலத்திலிருந்து கேட்கிற பாட்டு. அதில் சரணத்துக்கு முன்னால் ஒரு வயலின் வரும், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. அது வரவே இல்லை. தபேலா இருக்கிறது, பாடுகிறவர் இருக்கிறார், வயலின் வருகிற இடத்தில் வெறும் காற்று. கழற்றிவிட்டு போனில் சத்தமாக வைத்தால் வயலின் வருகிறது. மாட்டினால் போய்விடுகிறது.

இடப்பக்கம் அவுட் என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

கடைக்கு வேகமாகப் போனேன். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறொன்று கொடுத்தார். அதிலும் வயலின் இல்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை கடையில் கூட்டம் இருந்ததால் எனக்குக் குரலும் தானாக ஏறியது.

“வியாபாரம்னா என்னன்னு எங்கிட்ட வந்து படியும். ஒரு பக்கம் செத்த சாமானா பாத்து எனக்குன்னு எடுத்து வைக்கீரா?”

அவர் கோபப்படவில்லை. ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டி அந்தப் பாட்டையே கேட்டார். “வயலின் வருதே அண்ணாச்சி. ஸ்டீரியோ பாட்டு இது. வயலின எடப்பக்கம் வச்சிருக்காக, தபேலாவ வலப்பக்கம் வச்சிருக்காக.” பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் திருப்பி, வலப்பக்க மெத்தை என் இடது காதில் வருகிற மாதிரி என் தலையில் மாட்டிவிட்டார்.

வயலின் வந்தது. கிணற்றுக்குள் இறங்கி, அடி தொட்டு, மேலே ஏறியது. தபேலாவைக் காணோம்.

நான் அப்படியே நின்றேன். அவர் மறுபடி திருப்பி மாட்டினார். தபேலா வந்தது. வயலின் போனது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர் என் வலப்பக்கமாக வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: “சாமான் நல்ல சாமான்தான் அண்ணாச்சி. ஒரு நட காது டாக்டர்ட்ட காமிச்சிருங்க.”

யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய்க் காட்டினேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அங்கேயும் ஒரு ஹெட்போன்தான் மாட்டினார்கள். இடது காது நரம்பு போய்விட்டது, கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லை, இனிமேல் வராது என்றார் டாக்டர். சோதனை வெடி போடும்போது இடப்பக்கத்தைக் காட்டி நிற்பது என் பழக்கம். மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். நான் பொத்தியதே இல்லை. வெடிச் சத்தத்தைக் கேட்டே மருந்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொல்கிறவன் எதற்குக் காதைப் பொத்த வேண்டும்?

“ஒரு காதுல நல்லாக் கேக்குதே சார், அது போதாதா?” என்றேன்.

“சத்தம் கேக்கும் ஐயா. எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாது. ரோட்டக் கடக்கும்போது பாத்துப் போங்க” என்றார்.

ரோடாவது ஒன்றாவது. என் பயம் வேறு.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு சட்டம் உண்டு. வேறு எங்கேயும் இல்லாதது, நான் உண்டாக்கினது. போன், தீப்பெட்டி, பேட்டரி உள்ள எந்தச் சாமான் என்றாலும் கேட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, உடம்பு மின்சாரம் இறங்க செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவது எல்லாக் கம்பெனியிலும் இருப்பதுதான். எங்கள் கம்பெனியில் அதற்குப் பிறகு இன்னொன்று. ஆள் உள்ளே நடக்கும்போது வாட்ச்மேன் பின்னாலிருந்து, இடமாகவோ வலமாகவோ நின்றுகொண்டு, “நில்லு” என்று குரல் கொடுப்பார். குரல் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். மாற்றித் தூக்கினால் மருந்து ரூமுக்குள் போக முடியாது. வெளிவேலிக்கு அப்பால் பெட்டி மடிக்கிற ஷெட்டுக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி ஆரம்பித்த புதிதில் ஒரு ரூமில் பொறி தட்டியது. உள்ளே இருந்தவர் கத்திக்கொண்டே வெளியே ஓடினார். பக்கத்து ரூம்காரர் கத்தலைக் கேட்டு எழுந்து, தீ இருந்த பக்கமே ஓடினார். ஒவ்வொரு ரூமுக்கும் எல்லாப் பக்கமும் வாசல் வைத்தது தப்பித்து ஓடத்தான். எந்த வாசல் என்று தெரியாதவருக்கு அத்தனை வாசல் இருந்து என்ன? இரண்டு பேரும் மோதி விழுந்து, எப்படியோ உயிர் பிழைத்தார்கள். விசாரித்தால், பக்கத்து ரூம்காரருக்கு ஒரு காது கேட்காது. அன்றைக்குத்தான் இந்தச் சட்டம் போட்டேன்.

சும்மா போட்டுவிட முடியவில்லை. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் பக்கம் ஆகாத காரியம். அதிலும் மருந்து வேலைக்குப் போகிறவரை! பெண்கள் கேட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் இருக்கன்குடிக்குப் போய் ஆத்தா முன்னால் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கட்டி உத்தரவு கேட்டார்கள். வெள்ளைப்பூ வந்தது. சரி என்று எழுந்து வேலைக்கு வந்தார்கள். சிவப்பு வந்திருந்தாலும் என் சட்டம் நின்றிருக்கும், அது வேறு விஷயம். மகனுக்கும் இந்தச் சட்டம் உண்டு. ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரிக்கும் உண்டு. என் ஒருத்தனைத்தான் யாரும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. கூப்பிட யாருக்குத் துணிச்சல்?

ஆக, என் காது சங்கதி வெளியே தெரிந்தால் என் கம்பெனிக்குள் நான் போக முடியாது. இதுதான் என் பயம்.

அப்போதுதான் அந்த ஹெட்போன் எனக்குப் பிடிமானமாக வந்தது. யாராவது இடப்பக்கம் நின்று கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், தலையில் இருப்பதைப் பார்த்து, “பாட்டுக் கேக்காரு” என்று விட்டுவிடுவார்கள். வேனில் மாட்டினேன். வீட்டில் மாட்டினேன். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மாட்டினேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில்கூட மாட்டிக்கொண்டு சாப்பிட்டேன். “பெரியவரு காலேஜ் பிள்ளையாயிட்டாருப்பா” என்று கேலி செய்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊர் வெயிலில் காதைப் பொத்திக்கொண்டு திரிந்து பாருங்கள் தெரியும். மெத்தைக்குள் வேர்வை தேங்கி வேர்க்குரு புறப்பட்டது. வளைவு உச்சந்தலையில் தடம் போட்டது. பாட்டும் அலுத்துவிட்டது. வயலின் இல்லாத பாட்டை எம்புட்டு நாள் கேட்பது? பிறகு பாட்டுப் போடாமலே மாட்டிக்கொண்டு திரிந்தேன். வெளியில் அதைக் கழற்ற முடியாது. கம்பெனி கேட்டிலோ கழற்றாமல் முடியாது. கழற்றி வாட்ச்மேன் பெட்டியில் போட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே மகனை எப்போதும் வலப்பக்கம் வைத்துக்கொள்வேன். சுவர் கண்ட இடத்தில் இடது தோளைச் சாய்த்து நிற்பேன். நான் எழுப்பிய சுவரிலேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

முதலில் பிடித்தது என் வீட்டுக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து இடப்பக்கத்து மெத்தையைத் தூக்கி ஏதோ சொன்னாள். உதடு அசைந்த மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டி வைத்தேன். அவள் சுற்றி வலப்பக்கம் வந்து அந்த மெத்தையைத் தூக்கினாள்.

“உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். ஆமான்னு தலைய ஆட்டுறீக.”

நான் மெத்தையை இழுத்து மறுபடி காதில் வைத்தேன்.

“பாட்டு ஓடுனா உங்க காலு சும்மா இருக்காது. எத்தன நாளா பாக்கேன், காலு ஆடவே இல்ல. வெறும் சட்டிய எதுக்குத் தலையில கவுத்தியிருக்கீக?”

சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. சொல்லி முடித்ததும் அவள் வருத்தப்படுவாள் என்று பார்த்தால், நேராகக் கேட்டுச் சட்டத்துக்குத்தான் வந்தாள்.

“அப்ப உங்க சட்டம் ஊருக்குத்தானா?”

“அந்தச் சட்டத்தப் போட்டதே நாந்தான்டி. எனக்கே பூட்டா?”

“போட்டவருன்னா தீ ஒதுங்கிப் போகுமா? சரி, உங்களுக்குத்தான் உசிரு பெருசில்ல. கத்துனாக்க அங்கன உள்ளவுக அவுக வாசலப் பாத்து ஓடுவாகளா, மொதலாளி எங்கன நிக்காருன்னு பாப்பாகளா?”

“என் கால் இருக்கு. நான் ஓடிக்கிறேன்.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளிடம் மகனுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கம்பெனிக்குப் போவதை நிறுத்தவில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் நான் இல்லாமல் என்ன நடக்கும்? எல்லாம் நடக்கும் என்பது எனக்கும் தெரியும். அது தெரிந்ததாலேயே போனேன்.

ஒருநாள் மதியத்துக்கு மேலே வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. இடி மின்னல் என்றால் எங்கள் தொழிலில் கைவேலையைப் போட்டது போட்டபடி வெளியேற வேண்டும். நான் ரூம்களுக்கு நடுவே இருந்த பாதையில் தனியாக நின்றேன். மகன் ஆபீஸில் இருந்தான். “வெளியேறு, வெளியேறு” என்று குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் எங்கேயிருந்து? முன்னாலா, பின்னாலா? எல்லாப் பக்கமும் ஒரே குரலாக, தலைக்குள்ளேயே யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. நின்றால் பார்ப்பார்கள் என்று நடந்தேன். வேகமாகவே நடந்தேன். காற்றில் தூசி எழும்பிக் கண்ணை மறைத்தது. கை ஒன்று வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தது. திரி வெட்டுகிற அம்மா.

“மொதலாளி, எங்கன போறீக? அங்கன வெடி காயுது!”

பார்த்தேன். காயப்போடுகிற மேடை எதிரே இருந்தது. அது நிறைய அன்றைக்கு மருந்து அடைத்த வெடி. எல்லோரும் கேட்டுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். இவள் பாதி தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். எனக்காக.

“தார்ப்பாய் மூடியிருக்கான்னு பாக்கப் போனேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முழங்கையை விடாமல் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். மின்னல் எங்கோ தூரத்துக் காட்டில் இறங்கியது. நாலு துளி விழுந்து மழையும் நின்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. மேடையில் ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாதையில் இரண்டு பேர் நின்றிருப்போம். ஒருத்தர் நிற்க வேண்டிய அவசியமே இல்லாதவர்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கி ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். செம்புத் தகட்டைத் தொட்டேன். வாட்ச்மேனிடம், “எனக்கும் குரல் குடு” என்றேன்.

அவர் பதறிப்போனார். “விடியக்காலையில மொதலாளியப் பின்னாலருந்து கூப்பிடவா? எம்பிள்ள குட்டி நல்லாருக்க வேணாமா? நீங்க பாட்டுக்குப் போங்க.”

“குடுக்கலேன்னா நாளைக்கு இந்த ஸ்டூல்ல வேற ஆளு இருக்கும்லே.”

வேனில் வந்த சனம் முழுக்க நின்றது. மகனும் காரை விட்டு இறங்கி, விளங்காமல் பார்த்தான். நான் நடந்தேன். செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நில்லு… நில்லுங்க” என்று குரல் வந்தது. அந்த நேரத்திலும் மரியாதை. எந்தப் பக்கம்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன்.

“சரியாத் தூக்கிட்டீக மொதலாளி, போங்க” என்றார் வாட்ச்மேன். அவர் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

“எது சரி?” திரி வெட்டுகிற அம்மாவின் குரல். “நீ எடப்பக்கம், வேப்ப மரத்தோரம் நின்னு கத்துன. அவரு வலப்பக்கம், பைப்படிப் பக்கத்துக் கையத் தூக்குறாரு. எம் மதினிக்கு இதே கேட்டுல வேல மாத்தி விட்டீகளே, அவ இதத்தான் செஞ்சா.”

“ஏ, சும்மா இருத்தா, மொதலாளி” என்று யாரோ அடக்கினார்கள்.

“மொதலாளிதான. அதாம்ல சொல்லுதேன். நேத்து வந்து இழுத்தேன். நாளைக்கும் வருவேன்னு வையி, எம்பிள்ளைகளுக்கு யாரு இருக்கா?”

மகன் என்னையே பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரு அதட்டல் போட்டால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். நான் உள்ளே போய்விடலாம். போட வாயைத் திறந்தேன். அந்த அம்மா அசையவில்லை. பயந்துகொண்டுதான் நின்றாள், முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆனால் அசையவில்லை. என் கம்பெனி, என் கேட், என் சட்டம். மூன்றும் சேர்ந்து என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளின. திரும்பி வந்து பெட்டி மடிக்கிற ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

இப்போது பகலெல்லாம் அந்த ஷெட்டில்தான். என்னை மாதிரி பெட்டி மடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, வந்து பார்த்தால் தெரியும். செல்போன் கடைக்காரர் என் போனில் ஏதோ செட்டிங் மாற்றி, இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒரே காதில் விழுகிற மாதிரி செய்து கொடுத்தார். வேனில் கேட்டுக்கொண்டு போகிறேன். வயலின் வருகிறது, தபேலா மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, நெருக்கிக்கொண்டு. பரவாயில்லை.

கேட்டில் குரல் கொடுக்கிற வேலையை வாட்ச்மேனிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். முகத்துக்காகப் பொய் சொல்கிறவர் அதற்கு ஆகாது. காலையில் ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள், நான் பின்னால் நின்று “நில்லு” என்கிறேன், கை சரியாக ஏறுகிறது. கடைசியாக மகன் போகிறான். அவன் கையும் சரியாக ஏறுகிறது. கேட்டைச் சாத்திவிட்டு நான் வெளியே நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கிளம்பும். சூப்பர்வைசர் யாரையோ ஏசுவார். யாரோ பதிலுக்குச் சிரிப்பார்கள். எல்லாம் நான் கட்டின ரூம்கள். எது எங்கே இருக்கிறது, எந்த வாசல் எந்தத் திசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிரிப்பு எந்த ரூமிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.